கொண்டை ஊசி

இருபதாம் வளைவில் மாமா ஆரம்பித்தார்:
"இதுக்குச் சட்டம் வந்தா
நாளைக்கு அண்ணனும் தங்கச்சியும் வந்து நிப்பாங்க."
பதினேழில், ஒருத்தனுக்கு நாலு பேர்.
பதினான்கில் ஆட்டுக்குட்டி.
"இடம் கொடுத்தா மடத்தைப் பிடுங்குவாங்க."

நாங்கள் மடம் கேட்கவில்லை.
போன ஐப்பசியில் பெரியாஸ்பத்திரியில்
ரெஜினாவின் குடல்வாலை அறுக்க
ஒரு கையெழுத்து கேட்டார்கள்.
'உறவுமுறை' என்ற கட்டத்தில்
என் பேனா நின்றது.
ஆறு வருடமாக அவளோடு பேசாத அண்ணன்
நாகலூரிலிருந்து ஜீப் பிடித்து
விடிந்தபின் வந்து போட்டார்.
அதுவரை அவளுக்கு வலித்தது,
சட்டப்படி.

சரிவுதான் மாமா, இந்த மலைப்பாதை.
அதற்காக எந்த வண்டியும்
அஸ்தம்பட்டி வரை உருண்டு போவதில்லை.
டிரைவர் இரண்டாம் கியரில் இறக்குகிறார்.
கை காட்டினால் நிற்கிறார்,
சற்றுமுன் ஒரு குரங்குக்குக்கூட நின்றார்.

இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஒன்பதில் அத்தை பையைத் துழாவி
ஜன்னலோரம் குமட்டிக்கொண்டிருந்த ரெஜினாவிடம்
ஓர் எலுமிச்சம்பழத்தை நீட்டினார்.
"சூரமங்கலத்துல நாம ரிஜிஸ்டர் பண்ணப்பவும்
உங்க சித்தப்பா
ஆட்டுக்குட்டியைத்தான் சொன்னாரு"
என்றார், யாரையும் பார்க்காமல்.

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
எட்டு. ஏழு.
பிரேக் கருகும் வாசனை.
ரெஜினா பழத்தை முகர்ந்துவிட்டு
என் கையில் வைத்தாள்,
கையை எடுக்கவில்லை.

ஆறில் மாமா, "அது வேற" என்றார்.
அடிவாரத்துக்கு இன்னும் ஐந்து இருந்தது.