ஏழெட்டு ஐம்பத்து நான்கு

ஓவியங்களின் முதுகைப் படிப்பது என் வேலை.
முகத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்களே.
முதுகில் கிடக்கும்
சாக்பீஸ் எண், ஏலக்கடைச் சீட்டில் பாதி,
கழுகு முத்திரையை யாரோ சுரண்டிய தடம்.

மெலிட்டா பெர்ல்ஹெஃப்டருக்கு வயது தொண்ணூற்றைந்து.
மோன்டேவிடியோவில் அவள் காலைக் காபி
வியன்னாவில் என் மதியச் சாப்பாடு.
அப்பா பல் மருத்துவர்.
காத்திருக்கும் அறைச் சுவரில்
ஒரே ஜன்னல், ஒரே ஆறு, நான்கு பொழுதுகள்.
வலியோடு வருகிறவர்கள்
எதையாவது பார்க்க வேண்டாமா, என்பாராம்.

முப்பத்தெட்டில் படிவம் வந்தது:
யூதர்கள் சொத்தையெல்லாம் எழுதித் தரவும்.
எழுதினார், கோணாத கையெழுத்தில்.
நாற்காலி, பதினொன்று.
துளையிடும் கருவி, ஒன்று.
ஆறு, நான்கு.

காலைப் பொழுது வியன்னாவை விட்டே போகவில்லை,
அரசு அருங்காட்சியகத்தின் கிடங்கில் இருந்தது.
இங்கே நீ நீதிமன்றப் படி ஏற வேண்டியதில்லை,
ஏறவும் முடியாது.
ஒரு குழு கூடும், பரிந்துரைக்கும்,
அமைச்சர் கையெழுத்திடுவார்.
அதுவே எதிர்த்தெருத் தனியார் வீட்டில் தொங்கியிருந்தால்
அதே சட்டம் தொப்பியைத் தொட்டுவிட்டு
நடந்து போயிருக்கும்.

நண்பகல் பாரிஸில்.
தேசத்தின் சொத்து தேசத்தைவிட்டு நீங்காதாம்;
மன்னர்கள் போன பின்னும் மிஞ்சிய வாக்கியம்.
ஆணியிலிருந்து ஒரு படத்தை இறக்க
நாடாளுமன்றமே எழுந்து நிற்க வேண்டியிருந்தது.
இப்போது பொதுவாக ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள்.
நண்பகல் வரிசையில் நிற்கிறது.

இரவு கிடைக்கவே இல்லை.
நியூயார்க்கில் இருந்தால் தேவலை.
திருடன் கொடுக்க முடியாததைப்
பத்தாவது கையும் கொடுக்க முடியாது என்பார்கள் அங்கே.
(பிறகு கேட்பார்கள்: ஏனம்மா இத்தனை தாமதம்?)
ஜெர்மனியில் வேண்டாம்.
முப்பது ஆண்டு போனால் அங்கே
பொருள் உன்னுடையதாகவே இருக்கும்,
கேட்கத்தான் முடியாது.
டச்சுக்காரர்கள் சிறிது காலம் தராசு வைத்திருந்தார்கள்:
ஒரு தட்டில் பறிகொடுத்தவர்,
மறு தட்டில் அந்தப் படத்தின்மேல்
அருங்காட்சியகத்துக்கு இருந்த பிரியம்.
வெட்கம் வந்து இறக்கி வைத்தார்கள்.

மாலை, ஜூரிக்கில்,
ஊர்ஸ் இம்ஃபெல்ட் வீட்டுப் பியானோவுக்கு மேலே.
இறக்கினோம், கவிழ்த்தோம்.
அடிப்பக்க மரச்சட்டத்தில் பென்சில்,
அழுத்தி எழுதிய சின்னக் கை:
7 × 8 = 54.

தொலைபேசியில் சொன்னேன்.
இரைச்சல். அமைதி. பிறகு அப்படி ஒரு சிரிப்பு.
"என்னுடையதேதான்!
வேறு யார் அவ்வளவு தைரியமாகத் தப்புப் போடுவார்கள்?
அன்றைக்குத் தாள் தீர்ந்துவிட்டது."

இம்ஃபெல்ட் நல்லவர்.
கேக் வெட்டிக் கொடுத்தார்.
நம்புகிறேன் என்றார், கண் கலங்கியது, பொய்யில்லை.
அவர் தந்தை ஐம்பத்திரண்டில் நல்லெண்ணத்தோடு வாங்கினார்.
கெடு ஐந்து ஆண்டு.
அது முடிந்தபோது மெலிட்டா
உருகுவேயில் தட்டச்சு கற்றுக்கொண்டிருந்தாள்.

திருடப்பட்டது என்பதை
அந்த அறையில் யாரும் மறுக்கவில்லை.
மரச்சட்டம் அவள் பெயரைச் சொன்னது,
மற்றச் சட்டம் அவர் பெயரை.
உடைமைக்கும் உரிமைக்கும்
ஓரெழுத்துதான் வித்தியாசம்.
அந்த ஓரெழுத்தில்தான் எனக்குச் சம்பளம்.

அவரே தூக்கி மாட்டினார்.
தள்ளி நின்று பார்த்து
ஒற்றை விரலால் நேராக்கினார்,
தன் பொருளை நேராக்குவதுபோல.

ரயிலில் வரும்போது மெலிட்டாவே அழைத்தாள்.
கெடுவைப் பற்றிக் கேட்கவில்லை. இம்ஃபெல்டைப் பற்றியும்.
"அந்த மாலையில், கரையோரம் ஒரு படகு இருக்குமே,
அதில் விளக்கு ஏற்றியாயிற்றா?
காலையில் இருக்காது.
எனக்கு மறந்துவிட்டது."

இரண்டு மணி நேரம் கையில் வைத்திருந்தேன்.
ஆணிகளை எண்ணினேன், பசையை முகர்ந்தேன்.

சுரங்கம் வருகிறது, கேட்கவில்லை, என்றேன்.