எட்டாவது காசோலை

ஜனவரி முப்பத்தொன்று, வெள்ளிக்கிழமை.
டுலூத்தில் ஏரி கல்லாகிக் கிடக்கிறது.
தபால் நிலையம் ஐந்து மணிக்கு மூடும்.

கெஸ்கிடாலோ ஈமச்சடங்கு இல்லத்தில்
கணக்கு எழுதுபவள் நான்.
பிணம் என் துறை அல்ல.
சவப்பெட்டியின் விலை, பூக்கடைப் பாக்கி,
குழி தோண்டும் இயந்திரத்துக்கு டீசல்,
ஆர்கன் வாசிக்க ஒரு சாவுக்கு எழுபத்தைந்து டாலர்:
மரணம் என் மேசைக்கு வருவது இப்படித்தான்.

ஆர்கன் வாசிப்பவள் பெர்டி.
எங்கள் ஊழியர் இல்லை.
தன் இசைத்தாள், தன் மிதிசெருப்பு, தன் வசதி.
ஆள் செத்தால் கூப்பிடுவோம், வருவாள்.
சட்டம் இவளை ஒப்பந்தக்காரர் என்கிறது.
ஆண்டில் அறுநூறைத் தொட்டுவிட்டால்
அவள் பெயரில் ஒரு படிவம் போயாக வேண்டும்.
இன்றைக்குள்.

தவறினால்
முதல் முப்பது நாளுக்கு அறுபது,
ஆகஸ்ட் பிறக்கும்வரை நூற்று முப்பது,
அப்புறம் முந்நூற்று முப்பது.
அரசுக்குப் போகாத தாளுக்குத் தனி,
அவளுக்குப் போகாத தாளுக்குத் தனி.
அரசின் தாள் சிவப்பு மையில் அச்சானது.
அதை நகலெடுத்து அனுப்பினால்
அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்.

"யார் பார்க்கப்போகிறார்கள்?" என்றான் முதலாளி ராண்டி.
போன வருஷம் பனி அள்ளியவன் விஷயத்திலும்
இதையேதான் சொன்னான்.
பார்த்தார்கள்.

ஏழு என்றுதான் நினைத்திருந்தேன்.
மார்ச்சில் திருமதி லாக்ஸோ.
ஏப்ரலில் இரட்டையரில் ஒருவர், ஜூனில் மற்றவர்.
பள்ளிப் பேருந்து ஓட்டிய கிளைட்.
இன்னும் மூன்று.
ஐந்நூற்று இருபத்தைந்து, தப்பித்தோம் என்று
பேனாவை மூடப்போகையில்
அக்டோபர் பத்தொன்பது.
எட்டாவது வரி, என் கையெழுத்தில்.

ஆர்வோ.
என் கணவன்.

அந்த வாரமும் வேலைக்கு வந்திருக்கிறேன் போலிருக்கிறது.
அவனுக்கு வாசித்ததற்கு நானே காசோலை எழுதி
நானே பதிந்திருக்கிறேன்.
சரியாக அறுநூறு.
இருந்தபோதும் அப்படித்தான்,
பெட்ரோல் முள் சிவப்பைத் தொட்ட பிறகுதான்
பங்க்கைத் தேடுவான்.

அவளுடைய வரி எண் எங்களிடம் இல்லை.
எட்டு சாவுக்கும் கேட்காமல் விட்டது
என் தப்பு.
இரண்டு மணிக்கு வண்டியைத் தோண்டி எடுத்து
அவள் வீட்டுக்குப் போனேன்.

கையெழுத்துப் போட்டுத் தந்தாள்:
ஹில்மா ரூத் கங்காஸ்.
பெர்டி என்று அனுப்பியிருந்தால்
பெயரும் எண்ணும் பொருந்தவில்லை என்று
கடிதம் வந்திருக்கும்.
இருபத்திரண்டு வருஷப் பழக்கம்,
இன்றைக்குத்தான் பெயர் தெரிந்தது.

அப்புறம் கரண்டிப் பெட்டியை இழுத்து
மடிக்காத ஒரு காசோலையைக் காட்டினாள்.
"இதை எப்படி மாற்றுவேன்?" என்றாள்.

மூன்று மாதமாக வங்கிக் கணக்கு
எழுபத்தைந்து இடித்துக்கொண்டிருந்தது.
நான் தேடவில்லை.
தேடினால் எதில் போய் முடியுமென்று
கைக்குத் தெரிந்திருக்கும்.

கையில் வாங்கிய காசோலை வருமானம்தான்,
வங்கிக்குப் போகாவிட்டாலும்.
அக்டோபரிலேயே திருப்பித் தந்திருந்தால்
படிவமே வேண்டாம்.
இதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன், அந்தச் சமையலறையில்,
கோட்டைக் கழற்றாமல்.
"வரி கட்டத்தானே போகிறாய், பணத்தையாவது வாங்கிக்கொள்."
அவள் பெட்டியை மூடினாள்.

அன்று என்ன வாசித்தாய் என்று கேட்டேன்.
எனக்கு ஒரு சுரமும் காதில் விழுந்திருக்கவில்லை.
மேசைமேல் விரல்களை வைத்து
வாசித்துக் காட்டினாள், சத்தமில்லாமல்,
இடது கை கொஞ்சம் பின்தங்கி.
சர்க்கரைக் கிண்ணத்தின் மூடி அதிர்ந்தது.

நான்கு நாற்பது.
சிவப்புத் தாள் ஓர் உறையில், அவள் தாள் ஓர் உறையில்.
தபால்காரப் பெண் முத்திரை குத்தினாள்,
தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று
இரண்டுமுறை பார்த்தேன்.

பிப்ரவரியில் டிரம்பெட்டோடு ஒரு பையன் வந்தான்.
குளிரில் உதடு வெடித்திருந்தது.
முதலில் காப்பி கொடுத்தேன்.
அப்புறம் பேனா.
"முழுப் பெயர்," என்றேன், "அட்டையில் உள்ளபடி."