ஒட்டு

பிப்ரவரி தொடக்கம். ஹோலிச் வங்கிக் கிளை.
ஜன்னல்களைப் பழுப்புத் தாளால் மூடியாயிற்று.
வாசலில் ஒரு சிப்பாய், பத்தொன்பது வயதிருக்கும்,
துப்பாக்கியைவிடக் கையுறையைத்தான்
இறுக்கிப் பிடித்திருந்தான்.

உள்ளே நாங்கள் ஏழு பெண்கள், ஏழு ஈரப் பஞ்சுகள்,
மேஜை நிறையப் பச்சை நூறு கொருனாத் தாள்கள்.
முன்பக்கம் தொழிலாளியும் குடியானவளும்.
பின்பக்கம் பிராகா நகரத்துக் கோட்டை.
அதன் மூலையில் இனி
கட்டைவிரல் நகமளவில் ஒரு வில்லை.
ஒட்டினால் ஸ்லோவாக்கியப் பணம்.
ஒட்டும்வரை யாருடையது என்று
மேலாளர் க்வெடோஸ்லாவ் சொல்லவில்லை.
'இறையாண்மை' என்றார் இரண்டு முறை,
தேநீர் கேட்பவர்போலச் சன்னமாக.

நாடு இரண்டாகலாமா என்று எங்களிடம்
ஓட்டுக் கேட்கவில்லை யாரும்.
ஒட்டத்தான் கேட்டார்கள்.

முதல் தாளில் கை நடுங்கியது.
இருநூறாவதில் கழுத்து வலித்தது.
அதற்கப்புறம் தேசம் மறந்து
பசை காய்கிறதா என்று மட்டும் பார்த்தோம்.

மொராவா ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஹொடோனினில்,
வேறு சில பெண்கள் இதே தாளில்
வேறு வில்லை ஒட்டிக்கொண்டிருப்பார்கள்.
அவர்களில் ஒருத்தி என் நாத்தனார் யார்மிலா.
நாடு இரண்டானாலும் பணம் ஒன்று,
ஆறு மாதமாவது என்றிருந்தார்கள்.
ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை.

பின்னிரவில் எண்ணியபோது ஒரு வில்லை குறைந்தது.
நூறு கொருனா வில்லை, ஒன்றே ஒன்று.
குப்பைக்கூடையைக் கவிழ்த்தோம்,
செருப்பின் அடியைப் பார்த்தோம்,
ஒருத்தியை ஒருத்தி பார்க்காமல் பார்த்தோம்.
மூன்று மணிக்கு க்வெடோஸ்லாவ் தன் பையிலிருந்து
எதையோ எடுத்து எழுதிக் கணக்கை மூடினார்.

சில்லறை மட்டும் பிரியவில்லை.
காசில் எங்கே ஒட்டுவது?
அந்தக் கோடைவரை பாலம் தாண்டும் பஸ்ஸில்
இரு கரையிலும் அதே வட்டக் காசு,
அதே சிங்கம்.
பெரிய நோட்டெல்லாம் பேச்சு மாறியபோது
நாணயத்தோடு இருந்தது நாணயம்தான்.

வீட்டுக் கதை வேறு.
வெந்தெலீனுக்கு வேலை அந்தக் கரையில், நிலக்கரிச் சுரங்கத்தில்.
அவன் சம்பளத்தில் அவர்கள் வில்லை,
என் சம்பளத்தில் எங்கள் வில்லை.
சமையலறை அலமாரியில் இருந்தது ஒரே ஜாடி.
பதினோரு வருடம்
போட்டது யார், எடுத்தது யார் என்று கேட்டதில்லை.
ஜூலையில் எங்கள் கொருனாவின் மதிப்பைப்
பத்து சதவீதம் இறக்கினார்கள்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் ஜாடிக்குப் பக்கத்தில்
இன்னொரு ஜாடி இருந்தது.

பதினாறு வருடம் கழித்து யூரோ வந்தது.
முப்பது புள்ளி ஒன்று இரண்டு ஆறு.
ரொட்டிக்கும் பீருக்கும் சவப்பெட்டிக்கும்
இரண்டு இரண்டு விலை எழுதி வைத்திருந்தார்கள்.
லிஸ்பனில் ஒரு மீன்காரி
என் காசை மறுபேச்சில்லாமல் வாங்குவாள்.
ஐந்து கிலோமீட்டரில் இருக்கிற யார்மிலா
முகம் சுளிப்பாள், வாங்குவாள்,
மீதியைக் கொருனாவில் தருவாள்.

'வட்டி எவ்வளவு என்று
இனிமேல் ஃபிராங்க்ஃபர்ட் சொல்லுமா உனக்கு?' என்றான் வெந்தெலீன்.
'நாமே சொன்னபோது மட்டும் என்னைக் கேட்டார்களா?' என்றேன்.
அது சரியான பதில் இல்லை என்று எனக்கே தெரியும்.
கூடுதலாக ஒன்றும் சொன்னேன்:
'அப்படியானால் உன் ஜாடியை எடுத்துக் காலி பண்ணு.'
எடுக்கவில்லை.
இப்போதும் ஜாடி இரண்டுதான்.

அந்த வில்லையா?
அந்த மார்ச்சிலேயே கிடைத்தது,
கம்பளிச் சட்டையின் முழங்கை மடிப்பில்.
திருப்பிக் கொடுத்தால் ஏழு பேருக்கும் விசாரணை.
சமையல் குறிப்பேட்டில் வைத்தேன்,
முட்டைக்கோஸ் சூப்புக்கும் பிளம் கேக்குக்கும் நடுவே.

எப்போதாவது எடுத்துப் பார்க்கிறேன்.
இரட்டைச் சிலுவை, மூன்று குன்று, பின்னால் பசை.
நூறு என்று போட்டிருக்கிறது.
எதில் நூறு என்று இல்லை.