விதைக்காத அக்டோபர்

தூக்குமர வயல் என்று பெயர். நாற்பது ஏக்கர்.
கிம்போல்டனுக்குக் கிழக்கே, விடாப்பிடியான களிமண்.
ஒருமுறை என் வலது பூட்ஸைப் பிடுங்கி வைத்துக்கொண்டது.
காலுறையோடு நின்றே எண்ணினேன்.

சதுரமாய் வளைத்த கம்பிச் சட்டம்.
விட்டெறிவேன், விழுந்த இடத்தில் குனிவேன்:
உள்ளே கோதுமை எத்தனை, கரும்புல் எத்தனை.
அந்த ஜூனில் புல்தான் ஜெயித்தது.
சதுர மீட்டருக்கு நானூற்றுப் பத்துக் கதிர்,
மூன்று முறை மருந்தடித்தும்.
மருந்து அதற்கு இப்போது பன்னீர்.

ராஸ்லின் பெக்வித் சமையலறை மேசையில்
ரசீதுகளைப் பரப்பினாள், சீட்டுக்கட்டைப் பிரிப்பதுபோல.
விதை. யூரியா. டீசல். தெளிப்பு, தெளிப்பு, தெளிப்பு.
ஏக்கருக்கு அறுபத்திரண்டு பவுண்டு நட்டம்.
"வருஷம் முழுக்கப் படுத்துக் கிடந்திருந்தால்
அந்த அறுபத்திரண்டும் மிச்சம்," என்றான் தம்பி கிளைவ்.
யாரும் சிரிக்கவில்லை.

எனக்குச் சம்பளம் தரும் கம்பெனி
மருந்தும் விற்கிறது.
எங்காவது சொல்லியாக வேண்டும், இங்கே சொல்கிறேன்.
நாலாவது மருந்துக்கான சீட்டு என் பைக்குள் இருந்தது.
எழுதவில்லை.
"அக்டோபரில் விதைக்காதீர்கள்" என்றேன்.

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன மொழியில் பிறந்துவிட்டு
பட்டத்தைத் தவறவிடச் சொல்கிறேன், அதுவும்
தாத்தன் பாட்டன் காலத்திலிருந்து
கோதுமை போட்ட வீட்டில்.
விளக்கினேன். அது அவசரக்காரப் புல்,
இலையுதிர்கால முதல் ஈரத்துக்கே தலைநீட்டிவிடும்.
நீட்டட்டும்.
ஆகஸ்டிலேயே ஓட்ஸும் ஃபசீலியாவும் தூவுங்கள்,
விற்க அல்ல, களிமண்ணின் தண்ணீரைக் குடிக்க.
அவற்றின் காலடியில் கரும்புல் முளைக்கட்டும்,
ஜனவரியில் எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு.
மார்ச்சில் மண்ணைப் புரட்டாமல் பார்லி.
ஆழத்தில் உறங்கும் விதையை எழுப்ப வேண்டாம்.

வேலிக்கு அந்தப் பக்கம் பிரேஸ்பிரிட்ஜ்
செப்டம்பர் இருபத்தைந்தில் விதைப்பை முடித்துவிட்டார்.
அவர் நிலத்தில் பச்சைக் கோடுகள், நோட்டுப் புத்தகம்போல.
மதுக்கடையில் ராஸ்லினிடம் கேட்டார்களாம்,
பண்ணையை விற்கப் போகிறாயா என்று.
ஒரு இரவு பதினொன்று நாற்பதுக்கு அவள் செய்தி:
"இன்னும் நேரமிருக்கிறது. விதைத்துவிடவா?"
பதில் அடித்தேன், அழித்தேன், அடித்தேன்.
காலையில் "வேண்டாம்" என்று மட்டும் அனுப்பினேன்.
அதற்குள் மழை தொடங்கியிருந்தது.

அதிசயம் எதுவும் நடக்கவில்லை.
வாய்க்கால் ஓரத்து மூலையை நத்தை தின்றது.
மால்ட் ஆலை பாதியைத் திருப்பியது, நைட்ரஜன் கூடுதலாம்;
அது மாட்டுத் தீவனத்துக்கு, மலிவாக.
ஏக்கருக்கு இரண்டே கால் டன்.
ஊரில் சொல்லிக்கொள்ளும் விளைச்சல் இல்லை.
ஆனால் மேசையில் இந்த முறை ரசீதுகள் குறைவு.
கிளைவ் இரண்டு தரம் கூட்டினான்:
ஏக்கருக்கு முப்பத்தெட்டு பவுண்டு, மிச்சம்.
நாற்பது ஏக்கருக்கும் சேர்த்து
டிராக்டருக்குப் பின்டயர் ஒன்று வரும்.
"எந்தப் பக்கத்து டயர்?" என்றாள் ராஸ்லின்.
இந்த முறை சிரித்தோம்.

அறுவடைக்கு முன்பே எண்ணியிருந்தேன்.
சட்டத்துக்குள் பதினொரு கதிர்.
மூன்று பேரும் உரச்சாக்கோடு இறங்கி
ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினோம்,
கிளைவ் முதுகைப் பிடித்துக்கொண்டு வைதான்,
புல்லையா என்னையா, தெரியவில்லை.

இரவு பீட்டர்பரோவில், குளியலறையில்,
கால்சட்டை மடிப்பை உதறியபோது
வெள்ளை ஓட்டின் மேல் ஒரே ஒரு விதை.
படமெடுத்து அனுப்பினேன்.
"எரித்துவிடு" என்று வந்தது.
ஒரு நிமிடம் கழித்து:
"கணக்கில் சேர்த்துக்கொள்."