ஆறு லிட்டர்

சூடாக இருக்கும்போதுதான் ஆயில் இறக்க வேண்டும்.
ஐந்து நிமிடம் ஓடவிட்டேன்.
ஜூலை மாதம். கொட்டகைத் தகரத்தில்
உறைபனி கீறல் கீறலாய் வெளுத்திருந்தது.
வண்டி இருமியது.

"பெல்ட் வழுக்குது, அவ்வளவுதான்" என்றிருந்தான் கெல்வின்.
"இல்லேன்னா கியா கிளி எதையாவது கடிச்சிருக்கும்."
எங்கள் மலையில் அது வசதியான பதில்.
வைப்பர், சீட்டு, டயர் வால்வு மூடி,
ரப்பர் என்றால் விடாத பறவை.
எந்தப் பழியையும் மறுத்துப் பேசாது.

சாக்கை விரித்து அடியில் நுழைந்தேன்.
பதினேழாம் நம்பர் ஸ்பேனர்.
மூடி இளகியதும் கையுறையில் வழிந்தது
கறுப்பு இல்லை,
பால் தாராளமாய் ஊற்றிய தேநீர்.

வண்டி பொய் சொல்லாது என்று யாராவது சொன்னால்
நம்பாதீர்கள். போன கோடையில்
டாங்க் நிறைய பெட்ரோலை வைத்துக்கொண்டு
காலி என்று காட்டியது முள்.
ஆனால் ஆயிலில் தண்ணீர் என்றால்
தண்ணீர்தான்.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தேன்.
நான்கு விரல் உயரத்தில்
வண்டல் ஒரு கோடு கிழித்திருந்தது,
சாம்பல் நிறம், மாவுபோல் நைசாக.
எங்கள் பக்கத்து ஓடைகளில் முழங்கால்கூட நனையாது.
இவ்வளவு ஏறும் தண்ணீர் இந்தப் பள்ளத்தாக்கில் ஒன்றுதான்.
அதன் அக்கரையில் ஒரே ஒரு வீடு.

லிண்ட்சேயின் வீடு.
வேலியை ஒன்றரை மீட்டர் தள்ளி நட்டான் என்று
அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தி
ஒன்பது குளிர்காலம்.
அம்மாவை அடக்கம் செய்த அன்றும்
ஆளுக்கொரு வாசலால் போனார்கள்.

பாலம் உண்டு, நாற்பது கிலோமீட்டர் கீழே.
அந்த வழியில் பெட்ரோல் பங்க்காரர் பார்ப்பார்.
பள்ளிப் பேருந்து ஓட்டும் மொரீன் பார்ப்பாள்,
பார்த்ததைச் சொல்லவும் செய்வாள்.
தண்ணீருக்குள் இறங்கிப் போனால்
யாரும் பார்ப்பதில்லை,
ஏர் ஃபில்டரைத் தவிர.

அப்புறம் பக்கத்து இருக்கை.
நான் உட்காரும் இடம்.
அதன் பெல்ட் என் இடுப்பளவுக்கு இறுக்கியது.
இப்போது ஒரு சாண் தளர்ந்திருந்தது.

மலிவு ஆயில் கொஞ்சம் இருந்தது நல்லதாயிற்று.
இரண்டு லிட்டர் ஊற்றி, ஒரு நிமிடம் ஓட்டி, இறக்கினேன்.
இன்னும் டீதான், பால் சற்றுக் குறைவு.
எஞ்சின் ஆறட்டும் என்று
நாயோடு ஒரு பிஸ்கட்டைப் பங்கிட்டேன்.
மறுபடி இரண்டு. தேன் நிறத்தில் வந்தது.
கடைசியாக நல்ல ஆயில்.
புதுச் செம்பு வாஷர்.
ஃபில்டரின் வளையத்தில் ஒரு விரல் ஆயில் தடவி
கையால் மட்டும், முக்கால் சுற்று.
அதற்கு மேல் முறுக்கினால்
அடுத்த முறை கழற்றிச் சபிக்கப்போவதும் நான்தான்.

பிறகு, யாரும் கேட்காத ஒரு வேலை.
வண்டி மூச்சிழுக்கும் வாய்
இருக்கைக்குக் கீழேயே இருந்தது.
கூரைத் தண்ணீர்க் குழாயில் மீந்த துண்டு,
இரண்டு எல்போ, நான்கு கிளாம்ப்.
மேல்கம்பியோடு சேர்த்து ஏற்றிக் கட்டினேன்,
மழை இறங்காதபடி வாயைக் கவிழ்த்து,
கிளிகளுக்காக ஒரு கம்பிவலை வைத்து.
அழகாக இல்லை. யானைக்குத் தும்பிக்கையை
மாற்றிப் பொருத்தியதுபோல் இருந்தது.
இனி ஹெட்லைட் முழுகினாலும் மூச்சு முட்டாது.

பெல்ட்டை நான் தொடவில்லை.

இரவு உருளைக்கிழங்கைப் பிளந்துகொண்டே கேட்டான்:
"ஆயில் மாத்திட்டியா?"
"மாத்திட்டேன்."
"எவ்வளவு போச்சு?"
"ஆறு."

இரண்டு லிட்டர் பிடிக்கும் எஞ்சின்.
கத்தி கிழங்கிலேயே நின்றது.
கொஞ்ச நேரம் கழித்து
உப்புக் குப்பியை என் பக்கம் நகர்த்தினான்,
நான் கேட்காமலே.