படியேறாத நாய்

நயோப்ரரா ஆற்றங்கரை முகாம்,
பதினாலாம் எண் இடம்.
மழை விட்டு அரைமணிதான் ஆகியிருந்தது.
புல்லில் கணுக்கால் நனையும் தண்ணீர்.
காட்டன்வுட் மரம் தன் பங்குக்கு
இன்னும் தூறிக்கொண்டிருந்தது.

ஓரின் மஞ்சள் கேபிளை இழுத்துப் போய்
சாம்பல் நிறப் பெட்டியில் செருகினான்.
பிரேக்கரை அணைக்காமலே செருகினான்.
சின்னதாய் ஒரு நீலப் பொறி.
"பார்த்தாயா வெர்லீன், உயிர் இருக்கிறது."
முப்பது வருடம் லாரி ஓட்டியவன்.
பொறி பறந்தால் சிரிப்பான்.

வீட்டை ஏப்ரலில் விற்றோம்.
கிராண்ட் ஐலண்டில் இரண்டு படுக்கையறை,
நிலவறை, நிலவறையில் அவனுடைய முதல் மனைவியின்
தையல் இயந்திரம், எல்லாம் போனது.
இப்போது எங்கள் முகவரி
நான்கு ரப்பர் சக்கரம்.

உள்ளே விளக்கு எரிந்தது.
ஃபிரிட்ஜ் முனகியது.
வெந்நீர்த் தொட்டி சூடேறத் தொடங்கியது.
எல்லாம் சரி,
டூலியைத் தவிர.

படியேற மாட்டேன் என்றாள் டூலி.

இரும்புப் படி, மூன்றே மூன்று.
வயோமிங் முழுக்கத் தாவி ஏறியவள்
முதல் படியை முகர்ந்தாள்.
சுட்டதுபோல் மூக்கை இழுத்துக்கொண்டாள்.
ஈரப் புல்லில் போய் உட்கார்ந்துவிட்டாள்.
பன்றிக்கறித் துண்டைக் காட்டினேன்.
கறியைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள்,
ஆற்றைப் பார்த்தாள்.
"கிழட்டுப் பிடிவாதம்," என்றான் ஓரின்.
அந்த வார்த்தை வீட்டில் எனக்கும் பழக்கம்.

அவளைத் தூக்கிவர வெறுங்காலோடு இறங்கினேன்.
ஒரு கை கதவின் பிடியில்,
ஒரு கால் புல்லில்.
வலி என்று சொல்ல முடியாது.
முழங்கை எலும்புக்குள்
யாரோ ஒரு தேனீயை
விட்டு மூடியதுபோல.
கை தானே உதறிக்கொண்டது.
நான் புல்லில் இருந்தேன், டூலிக்குப் பக்கத்தில்.

"ஷாக் அடிக்கிறது."
ஓரின் வந்து பிடியைத் தொட்டான்.
உள்ளங்கையை முழுசாக வைத்துத் தேய்த்தான்.
"ஒன்றுமில்லையே."
அவன் காலில்
தடித்த ரப்பர் பூட்ஸ்.

"கழற்றிவிட்டுத் தொட்டுப் பார்," என்றேன்.
அவன் குனிந்து கயிற்றில் கைவைத்தான்.
அப்போதுதான் எனக்கு வயிறு கலங்கியது.
"வேண்டாம். நம்பாவிட்டால் போ.
கழற்றாதே."

கழற்றவில்லை.
என் முகத்தைப் பார்த்து நின்றான் கொஞ்ச நேரம்.
பிறகு பூட்ஸோடு உள்ளே போய்
கரண்டி டிராயரைக் கலைத்தான்.
போன கிறிஸ்துமஸுக்கு மருமகள் கொடுத்த டெஸ்டர்,
உறைகூடப் பிரிக்காமல்.
(சாக்ஸ் கொடுத்திருக்கலாம் என்று
அன்று சொன்னது நான்தான்.)
இரண்டு மஞ்சள் விளக்கு எரிந்தால் நலம்.
ஒன்றுதான் எரிந்தது.
மூக்குக்கண்ணாடியைத் தேடியெடுத்து
அட்டையில் இருந்ததைச் சத்தமாய் வாசித்தான்:
எர்த் இல்லை.

இந்த முறை முதலில் பிரேக்கரை அணைத்தான்.
பிறகுதான் பிளக்கைப் பிடுங்கினான்.
கேபிளைச் சுருட்டிக்கூட முடிக்கவில்லை,
டூலி எழுந்து, உடம்பை உதறி,
மூன்று படியும் ஏறி
அவன் நாற்காலியில் படுத்துவிட்டாள்.
யாரும் கூப்பிடவில்லை.

அன்றிரவு பேட்டரி விளக்கு ஒன்றுதான்.
உருகுவதற்குள் ஐஸ்கிரீமைத் தின்று தீர்த்தோம்,
ஒரே டப்பா, இரண்டு கரண்டி.
ஓரின் பேசவே இல்லை.
அவன் மன்னிப்பு எப்போதும்
அடிப்பகுதி முழுவதையும் எனக்கு விடுவதுதான்.

காலையில் பராமரிப்புக்காரி
ஆர்லிஸ் குபிசெக் வந்தாள்.
பெட்டிக்கு மின்சாரத்தை முழுதும் நிறுத்தி
மூடியைத் திறந்தாள்.
மண்ணுக்குப் போகவேண்டிய கம்பி
திருகிலிருந்து கழன்று
ஒரு விரல்கடை தள்ளி நின்றது,
பச்சைக் களிம்பு பிடித்து.
ஒரு விரல்கடைதான்.

அவள் திருகாணியைக் கையிலேயே வைத்திருந்தாள்.
"போன வாரம் இங்கே ஒரு குடும்பம்," என்றாள்.
"சின்னப் பெண், நாலு வயது இருக்கும்.
கதவு கடிக்கிறது, கதவு கடிக்கிறது என்று
நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள்."

பெட்டியைப் பார்த்தபடி சொன்னாள்:
"நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.
கதவைப் பார்த்து நான் குரைத்துக்கூடக் காட்டினேன்."