பதினோரு நிமிடம் கூடுதல்

மில்லில் வந்து கொட்டும் செம்பனைக் குலைகளைத்
தரம் பிரிப்பது என் வேலை.
காய், பழம், அழுகல், காம்பு நீளம்.
லோரிக்காரன் கெஞ்சுவான், முறைப்பான்,
கோப்பி வாங்கித் தருவான்.
கோப்பியைக் குடித்துவிட்டு
காயைக் காய் என்றே எழுதுவேன்.
அதனால்தான் நாகரெத்தினம்
இந்த வட்டையும் என்னிடம் கொண்டுவந்தான்.

'எட்டாம் நம்பர் விளக்கு.'
நாற்பதாம் ஆண்டுப் பதிப்பு, கெட்டி அட்டைப் பெட்டி,
நூற்றெண்பது வெள்ளி, தபால் தனி.
மெட்ராஸில் மூன்றாம் நாளே
தியேட்டரை விட்டு ஓடிய படம்.
பாடாங் செராயில் அது ஓடி முடியவே இல்லை.
ஆ லெக் கடையில் ஒரே ஒரு கேசட்,
இரவுக்கு ஒரு வெள்ளி,
நோட்டில் பெயர் எழுதிக் காத்திருக்க வேண்டும்.
"கணக்கு இன்னும் முடியலப்பா" என்று
வில்லன் இழுக்கிற இழுவையை
சம்பள நாளில் கிராணி இழுப்பார்,
ஜனம் சிரித்துக்கொண்டே
குறைந்த சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடும்.

டயர் கடை மாடியில் உட்கார்ந்தோம்:
நான், நாகரெத்தினம்,
கேசட்டை ஐம்பது தடவை பார்த்த சின்னையன்,
மடியில் கச்சான் பொட்டலத்தோடு தவமலர்.

படம் சுத்தம்.
அளவுக்கு மீறிய சுத்தம்.
கடைசிச் சண்டை மழையில் நடக்கிறது என்று
இத்தனை வருஷம் நம்பியிருந்தோம்,
மழை கேசட்டின் கீறல்.
நல்ல வெயிலில் அடித்துக்கொள்கிறார்கள்,
நாயகனைத் தூக்கும் கம்பி
கொடிக்கயிறு மாதிரி பளபளக்கிறது.
இரவுக்கு நீலம் அப்பியிருக்கிறார்கள்,
சுண்ணாம்பில் கை தவறிக் கொட்டியது போல.
ஒலிக்கு ஐந்து பெட்டி.
ஐந்திலும் யாரோ புதுச் செருப்போடு நடக்கிறார்கள்.
பழைய ஒற்றை ஒலி வட்டில் எங்கும் இல்லை,
தேடிப் பார்த்துவிட்டுத்தான் நாலு மார்க் வெட்டினேன்.
சின்னையன் வசனத்தோடு சேர்ந்து சொல்ல
வாயைத் திறந்தான், வில்லன் முந்திக்கொண்டான்.
அந்த இழுவை
நைந்த டேப்பின் இழுவையாம்.
பாவம், வாயை மூட
அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பிறகு அந்த இடம்.
பஸ்ஸில் தகரப் பெட்டியோடு அவள்.
கீழே புருஷன்: "பதில் சொல்லிட்டுப் போ."
அவள் பார்ப்பாள்.
அடுத்த நொடி கிடங்கு பற்றி எரியும்.
என்ன வெட்டு, என்ன டைரக்டர் என்று
ஒட்டுக்கடையில் எத்தனை ராத்திரி பேசியிருக்கிறோம்!
டைரக்டர் இல்லை.
மெஷினில் சிக்கிய டேப்பை
ஆ லெக் கத்தரித்து
செலோடேப் போட்டு ஒட்டியிருக்கிறான்.
வட்டில் அவள் இறங்குகிறாள்.
திரும்பி நடக்கிறாள், காலில் விழுகிறாள்,
பூந்தொட்டிகளுக்கு நடுவே ஒரு பாட்டு வேறு.
பதினோரு நிமிடம்.

தொண்ணூற்றொன்றில்
கூலிம் பஸ்ஸில் ஏறியவள் தவமலர்.
சடக்கோரம் நின்று அவனும் ஏதோ கேட்டான்,
பஸ் முழுக்கப் பார்த்தது,
அவள் வாய் திறக்கவில்லை.
அந்த வாரம் ஆ லெக் நோட்டில்
அடுத்தடுத்து மூன்று இரவு
ஒரே பெயர் இருந்ததை
நான் யாரிடமும் சொன்னதில்லை.

பாட்டு முடியும்வரை கச்சான் உடைபடவில்லை.
பிறகு தொலியை உதறினாள்.
"காய்," என்றாள். "எழுதிக்கோ."

நாகரெத்தினத்துக்குக் கோபம்.
இதுதான் முழுப்படம், எடுத்தவன் எடுத்தது,
நாம் பார்த்தது கிழிசல்.
அதுவும் நியாயம்தான்.
சின்னையன் தீப்பிடிக்கிற இடத்திலிருந்து
திரும்பப் போடச் சொன்னான், யாரும் போடவில்லை.

படம் எட்டு, ஒலி ஆறு என்று எழுதினேன்.
பதினோரு நிமிடத்துக்குக் காய் என்று எழுதக் கை வரவில்லை.
காம்பு நீளம் என்று போட்டேன்.
தராசில் ஏறும்,
எண்ணெய் வராது.

கீழே தவமலரின் மோட்டார் கிளம்பிப் போனது.
"பெட்டியாவது நல்ல பெட்டிதானே," என்று
நாகரெத்தினம் கேட்டுக்கொண்டிருந்தான்.